லாரியில் ஏறிய பிறகு: கிரெனடாவின் சாக்லேட் திருவிழாவும் நம் வகுப்பறையும்

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் தொழிலகங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேளாண் சார்ந்த தொழிலகத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டதும் பருத்தி, கரும்பு, தேங்காய் எண்ணெய் என்று பதில்கள் வந்தன. எங்கள் பள்ளி ஆனைமலைப் பக்கம் இருக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்பு, தென்னைகளுக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ. அதை ஒருவரும் சொல்லவில்லை. “கோகோ காயை என்ன செய்வாங்க?” என்று நானே எடுத்துக் கொடுத்தேன். காய் உடைக்கும் வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகள் எழுந்தாள். “கொட்டைய எடுத்து, புளிக்க வெச்சு, காய வெச்சு, மூட்டை பிடிச்சு லாரியில ஏத்திருவாங்க டீச்சர்.” “அப்புறம்?” “அப்புறம் தெரியாதுங்க டீச்சர்.”

தொழிலகங்கள் பாடம் சொல்ல வருவதே அந்த ‘அப்புறம்’தானே. அன்றைக்கு என்னிடமும் முழுமையான பதில் இல்லை. தேடிப் படித்தபோதுதான் கரீபியன் கடலில் உள்ள கிரெனடா என்ற தீவு நாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அங்கே 2014-இல் தொடங்கிய ஒரு சாக்லேட் திருவிழாவே இந்தக் கேள்விக்கான விடை போல அமைந்திருக்கிறது.

கிரெனடாவின் பரப்பு 344 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடக் குறைவு. மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கும் நாடு அது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கோகோ அங்கே வந்தது. பின்னர் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அடிமை முறை ஒழிந்த பின் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதை ஈடுகட்ட ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ‘மெய்ட்ஸ்டன்’ என்ற கப்பல் 1857 மே 1 அன்று கிரெனடாவை அடைந்தது. இங்கே பெரும்புரட்சி வெடித்த அதே மே மாதம். வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கரும்பின் காலம் முடிந்த பிறகு கோகோ சிறு விவசாயிகளின் பயிராயிற்று. கிரெனடா கோகோவுக்கு மணமும் சுவையும் மிகுந்த உயர்வகை என்று உலகச் சந்தையில் பெயர் உண்டு. ஆனாலும் நெடுங்காலம் அங்கும் எங்கள் ஊர்க் கதைதான். கொட்டையைக் காயவைத்து மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அது ஐரோப்பாவில் சாக்லேட்டாக மாறி, பல மடங்கு விலையில் விற்கும். கடையில் சாக்லேட்டுக்கு நாம் கொடுக்கும் விலையில் கோகோ விளைவித்தவருக்குப் போய்ச் சேருவது பொதுவாக நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் அந்த ‘அப்புற’த்தில் கலந்துகொள்பவர்களுக்கு.

இதை மாற்றிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் மாட் கிரீன் என்ற அமெரிக்கர். 1999-இல் இரு நண்பர்களுடன் சேர்ந்து கிரெனடா சாக்லேட் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு சிறு கட்டடம்; பழுதுபார்த்த பழைய இயந்திரங்களும் அவரே வடிவமைத்தவையும்; கூரையில் சூரிய மின்தகடுகள். கோகோ தந்த விவசாயிகளையே கூட்டுறவாகச் சேர்த்துக்கொண்டார். மரத்திலிருந்து சாக்லேட் கட்டிவரை எல்லாம் ஒரே ஊரில் நடக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஐரோப்பாவுக்குப் பாய்மரக் கப்பலில்கூடச் சாக்லேட் அனுப்பினார். 2013-இல் இயந்திரம் ஒன்றைச் சரிபார்க்கும்போது மின்சாரம் தாக்கி அவர் இறந்தார். நிறுவனம் நிற்கவில்லை. அதன் பிறகு அந்தச் சின்னத் தீவில் மேலும் சில சாக்லேட் தயாரிப்பாளர்கள் தோன்றினார்கள்.

இடையில் ஒரு புயல். 2004 செப்டம்பர் 7 அன்று ‘ஐவன்’ சூறாவளி தீவைப் புரட்டிப் போட்டது. வீடுகளில் பெரும்பாலானவை சேதமடைந்தன; ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி வேரோடு சாய்ந்தது. ஜாதிக்காய் மரம் நட்டால் காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். கோகோ மூன்று நான்கு ஆண்டிலேயே பலன் தரும். எனவே பலர் கோகோவின் பக்கம் திரும்பினார்கள். பேரிடர் மேலாண்மைப் பாடத்தில் புயலின் வேகத்தையும் இழப்பையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். புயலுக்குப் பிறகு விவசாயி அடுத்து எதை நடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாடம் நிறைவாக இருக்கும்.

இந்தப் பின்னணியில் வந்ததுதான் திருவிழா. வழக்கமான சாக்லேட் கண்காட்சிகள் பெருநகரங்களில், குளிரூட்டிய அரங்குகளில் நடக்கும். கிரெனடா விழாவோ தோட்டத்துக்கே ஆளைக் கூட்டிப் போகிறது. வருபவர்கள் ஒரு நாள் விவசாயியாக மாறிக் காய் பறிக்கலாம், உடைக்கலாம், கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையைச் சுவைக்கலாம். அது இனிப்பும் புளிப்புமாக இருக்கும். எங்கள் ஊர் அணில்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ருசி முன்பே தெரியும். ‘சாக்லேட் யோகா’ என்று ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதை மட்டும் நான் வகுப்பில் சொல்லவில்லை.

விழாவில் பலரும் விரும்பிச் செய்வது ‘கோகோ நடை’. காயும் கொட்டைகள் பெரிய மரத் தட்டுகளில் பரப்பப்பட்டிருக்கும். தட்டுகளின் அடியில் சக்கரமும் தண்டவாளமும் உண்டு. மழை வந்தால் அப்படியே தள்ளிக் கட்டடத்துக்கு அடியில் செருகிவிடுவார்கள். வெயிலில் இருக்கும்போது வெறுங்காலோடு உள்ளே இறங்கி, காலைத் தூக்காமல் தேய்த்து நடந்து, சால் பிடித்தாற்போலக் கொட்டையைப் புரட்டிவிடுவார்கள். களத்தில் நெல் காயவைக்கும்போது நம் பெண்கள் காலால் கிண்டிவிடுவார்களே, அதே நடை. படத்தைக் காட்டியதும் என் மாணவர்கள், “எங்க பாட்டி செய்யறதுங்க டீச்சர்” என்றார்கள்.

இன்னொன்று ‘கோகோ டீ’. பெயர்தான் டீ, தேயிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வறுத்து அரைத்த கோகோவை உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். காலையில் அதைத் துருவி, இலவங்கப்பட்டை, ஜாதிக்காய், பிரிஞ்சி இலை போட்டுக் கொதிக்கவைத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பார்கள். சாக்லேட் கட்டி வெளிநாட்டுக்காரனின் பொருளாக இருந்த காலத்திலும் இந்தப் பானம் கிரெனடாக்காரர்களின் வீட்டில் இருந்தது. விழா அதையும் மேடைக்குக் கொண்டுவருகிறது.

இனி அறிவியல். கோகோ மரத்தில் பூ தண்டிலும் தடித்த கிளையிலும் நேரடியாகப் பூக்கும். நம் பலா மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகரந்தச் சேர்க்கை செய்வது தேனீ அல்ல, கொசுவைவிடச் சிறிய ஒரு வகைப் பூச்சி. காய்க்குள் 30, 40 கொட்டைகள். அவற்றைச் சதையோடு மரப்பெட்டியில் குவித்து, வாழையிலையும் சாக்கும் போட்டு மூடி, ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க விடுவார்கள். முதலில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும். பிறகு பாக்டீரியாக்கள் அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும். குவியலின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸை நெருங்கும். அமிலமும் சூடும் உள்ளே இறங்கி முளையைக் கொல்லும்; கசப்பும் துவர்ப்பும் குறையும்; பின்னால் வறுக்கும்போது மணமாக மாறவேண்டிய பொருள்கள் அப்போதுதான் உருவாகும். புளிக்காத கொட்டையை எத்தனை நேரம் வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. நுண்ணுயிரிகள் பாடத்துக்கு இட்லி மாவுக்கு அடுத்து இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

காய்ந்த கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, சர்க்கரையோடு மணிக்கணக்கில் அரைத்தால் சாக்லேட். கோகோ வெண்ணெய் உருகுவது ஏறத்தாழ 34 டிகிரியில். நம் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே. வாயில் வைத்ததும் கரைவதற்கும், நம் ஊர் வெயிலில் பைக்குள் குழைந்துபோவதற்கும் காரணம் ஒன்றே. அரைப்பதில் நமக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். உலகின் பல சிறு சாக்லேட் பட்டறைகளில் கோகோவை அரைப்பது, கோயம்புத்தூரில் மாவரைக்கச் செய்யும் கல் கிரைண்டரின் மாற்று வடிவம்தான்.

வகுப்பிலும் செய்து பார்த்தோம். தோப்புக்காரர் கொடுத்த பத்துக் காய்களை உடைத்து, மூங்கில் கூடையில் வாழையிலை போட்டு மூடிவைத்தோம். தினமும் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். சூடு ஏறவே இல்லை. மூன்றாம் நாள் பூசணம் பிடித்துவிட்டது. எனக்கு ஏமாற்றம்தான். விஷயம் கேள்விப்பட்டு அந்த மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். “இத்தனூண்டுல சூடு நிக்காதுங்க டீச்சர், குமிச்சு வெக்கோணும்” என்றார். சிறிய குவியலில் கன அளவோடு ஒப்பிட்டால் புறப்பரப்பு அதிகம், வெப்பம் தப்பிவிடும் என்று புத்தகத்தில் இருப்பதைத்தான் அவர் சொன்னார். அவர் யோசனைப்படி அடுத்த முறை எங்கள் கொட்டைகளை ஒரு வலைப்பையில் கட்டி, தோப்பின் பெரிய குவியலுக்கு நடுவே புதைத்து வைத்தோம். ஆறாம் நாள் எடுத்தபோது வினிகர் வாசனை மூக்கைத் துளைத்தது. அந்த அம்மாவே வகுப்பில் ஒரு கொட்டையை நறுக்கிக் காட்டி, உள்ளே ஊதா நிறம் பழுப்பானால் சரியாகப் புளித்தது என்று பாடம் எடுத்தார். இருபது நிமிடம். நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, சத்துணவுக் கூடத்து இரும்புச் சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்து, நாட்டுச் சர்க்கரை சேர்த்து மிக்ஸியில் அரைத்தோம். மிக்ஸிக்கு அவ்வளவு நைசாக வராது; மணல் மாதிரி நெறுநெறுவென்று இருந்தது. பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். நான்கைந்து பேர் துப்பியே விட்டார்கள். அந்த மாணவி மட்டும் தன் பங்கில் பாதியைத் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் கேட்டேன், அம்மா என்ன சொன்னார் என்று.

“கசக்குதுன்னாங்க டீச்சர். ஆனா பூராத்தையும் தின்னுட்டாங்க.”