பேச்சு வேறு, பேச்சுக் குறைபாடு வேறு

நம் காலனிக் குழந்தைகளின் பேச்சு இரண்டு விதமாகத் தவறாக எடைபோடப்படுகிறது. மழையை 'மய' என்று சொல்லும் பிள்ளையை 'நாக்கு திருந்தாதது' என்று ஒதுக்குகிறார்கள். வடமாவட்டங்களில் பெரியவர்களே அப்படித்தான் பேசுகிறோம். தெற்கே 'மளை' என்பார்கள். அது வட்டார வழக்கு, குறைபாடு அல்ல. உண்மையிலேயே பேச்சு தாமதமாகும் பிள்ளையையோ, 'இந்தத் தெருப் பிள்ளைகள் இப்படித்தான்' என்று கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு குழந்தையை அவமானப்படுத்துகிறது. இரண்டாவது, சிகிச்சைக்கு உரிய காலத்தைப் பறிக்கிறது.

எப்படிப் பிரித்தறிவது? வீட்டார் பேசுவதுபோலக் குழந்தையும் பேசினால் கவலையில்லை. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராவிட்டால், இரண்டு வயதில் 'பால் வேணும்' என இரண்டு சொல் சேராவிட்டால், நான்கு வயதிலும் காக்காவைத் 'தாத்தா' என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் சோதிக்க வேண்டியது காதை. கேட்காத குழந்தைக்குப் பேச்சு வராது. நாக்கில் வசம்பு தேய்த்துக் காத்திருப்பதால் காது கேட்டுவிடாது.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கட்டணம் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட, காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. பொருத்திய பின் பேச்சுப் பயிற்சியும் தொடர வேண்டும்.

ஆனால், அங்கன்வாடி ஊருக்குள் இருந்து, நம் பிள்ளைகள் அங்கே போகத் தயங்கினால், மருத்துவக் குழுவின் கண்ணிலும் அவர்கள் படமாட்டார்கள். புதிய மையங்களில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கே முன்னுரிமை என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மையம் இல்லாத காலனிகள் இதைக் கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.

மருத்துவக் குழு வரும் தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் முன்பே கேட்டு வைப்போம். அம்மா வேலைக்குப் போயிருந்தால் ஆயாவாவது உடன் இருக்கட்டும். பிள்ளை வீட்டில் என்ன பேசுகிறது என்று டாக்டருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். காலனியில் படிக்கும் மாணவர்கள், தங்கள் தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, பரிசோதனை நாளில் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளலாம்.