தேடி வந்த பூனையும் வீட்டுப் பிராணிகளும்

நெல் வீடு வந்ததும் எலிகள் வரும். எலிகளை நாடி உரிமையாளரற்ற பூனையும் வரும். அதனை வளர்க்க விரும்பும் கமக்காரர், வீட்டிலுள்ள நாய், பூனை, கோழிக்குஞ்சு ஆகியவற்றின் நலனையும் கருதுதல் வேண்டும்.

முதலாவது ஆபத்து விசர்நோய். நாயைப் போலவே பூனையும் கடியினால் இந்நோயைப் பரப்பும். நோய் வெளிப்படச் சில மாதங்களும் ஆகலாம். ஆதலின் நலமாகத் தோன்றும் பூனையையும் நம்பிவிடலாகாது. அதற்கும் வீட்டுப் பிராணிகளுக்கும் மிருக வைத்தியரைக் கொண்டு தடுப்பூசி இடுவித்தல் வேண்டும்.

புதிய பூனையை இரு வாரம் தனியறையில் வைத்து, தெள்ளு, குடற்புழு, சளி ஆகியன உளவா எனப் பார்த்துச் சிகிச்சை செய்க. அது படுத்த சாக்கை மற்றைய பிராணிகள் மோந்து பழக விடுக. பின்னர் கதவின் இருபுறமும் உணவிட்டு, நாயைக் கட்டிவைத்து, சிறிது சிறிதாகச் சந்திக்கச் செய்க. குஞ்சுகளைக் கூட்டில் அடைத்தல் நன்று.

நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் இறக்கக்கூடும். ஆகவே எலிப்பொறியே ஏற்றது.

பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. விசர்நோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.