மின்னஞ்சலுக்கும் பூட்டு உண்டு

நம் தோட்டங்களில் கடிதம் என்பது நெடுங்காலமாகப் பல கைகளைக் கடந்தே வந்து சேர்ந்தது. பட்டணத்து அஞ்சல் நிலையத்திலிருந்து தோட்ட அலுவலகத்திற்கும், அங்கிருந்து கிராணியார் வழியாக லயத்திற்கும் அது வரும். ஆயினும் ஒட்டிய உறை ஒட்டியபடியே இருத்தல் வேண்டும் என்பதில் நாம் கண்டிப்பாக இருந்தோம். உறை கிழிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், காரணமும் கேட்கலாம்.

மின்னஞ்சலின் நிலை வேறு. இடையில் எவரேனும் அதைப் படித்தாலும் படித்த சுவடு தெரியாது. இன்று பெரும்பாலான மின்னஞ்சல்கள் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்லும் வழியில் காக்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் அவை தங்கும் நிறுவனத்தின் கணினியில் படிக்கத்தக்க நிலையிலேயே இருக்கின்றன. நம் கடவுச்சொல்லைத் திருடியவனும் பழைய கடிதங்களையெல்லாம் படித்துவிடலாம். அடையாள அட்டையின் படி, சேம நிதிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, பெண்ணுக்கு வரன் பேசும் செய்தி ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் நாம், இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இதற்குரிய பாதுகாப்பே மறையாக்கம். எழுதியதைப் பிறருக்கு விளங்காத எழுத்துக் குவியலாக மாற்றி அனுப்புவதும், உரியவர் மட்டும் அதனை மீண்டும் படிக்கத்தக்கதாக மாற்றிக்கொள்வதும் இம்முறையாகும்.

அது எவ்வாறு இயலும்? அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டை நாம் அறிவோம். பூட்டுவதற்குச் சாவி வேண்டியதில்லை. திறப்பதற்கே சாவி வேண்டும். ஈப்போவில் இருக்கும் மகன் அத்தகைய திறந்த பூட்டுகளை உற்றாருக்கெல்லாம் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான் எனக் கொள்வோம். தந்தை கடிதத்தைப் பெட்டியிலிட்டுப் பூட்டி அனுப்பினால், பூட்டிய தந்தையாலும் அதைத் திறக்க முடியாது. கணினியில் அந்தப் பூட்டுக்குப் பொதுத் திறவி என்றும், சாவிக்குத் தனித் திறவி என்றும் பெயர்.

இக்கருத்தை 1976ஆம் ஆண்டில் அமெரிக்கரான டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவர் வெளியிட்டனர். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் அதற்கு ஒரு கணக்கு முறையை வகுத்தனர். 17ஐ 19ஆல் பெருக்கினால் 323 என்பது எளிது. 323ஐ மட்டும் காட்டி, எவ்விரு எண்களைப் பெருக்கியது எனக் கேட்டால் சற்றுத் திகைப்போம். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையானால் இன்றைய பெருங்கணினிகளும் திகைக்கும். அம்முறையின் வலிமை இதுவே. 1991இல் ஃபில் சிம்மர்மன் என்பவர் பொதுமக்களும் பயன்படுத்தத்தக்க ‘பிஜிபி’ என்னும் மென்பொருளை வெளியிட்டார். 2020 முதல் ‘தண்டர்பேர்ட்’ என்னும் இலவச மின்னஞ்சல் மென்பொருளிலேயே இவ்வகை மறையாக்க வசதி அமைந்துள்ளது.

இதனைக் கையாளுவோர் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டும்:

1. இரு தரப்பாரிடமும் இவ்வசதி இருத்தல் வேண்டும்.

2. வந்த பொதுத் திறவி உண்மையில் மகனுடையதுதானா என்பதை, அதற்குரிய அடையாளக் குறியைத் தொலைபேசியில் வாசித்து ஒப்பிட்டு உறுதி செய்க.

3. தனித் திறவியை எவருக்கும் தரலாகாது. அது தொலைந்தால் பழைய கடிதங்களை நம்மாலும் படிக்க இயலாது. ஆகவே ஒரு படியைப் பத்திரப்படுத்துக.

4. அனுப்புநர், பெறுநர், நாள் ஆகியவை மறைவதில்லை. கடிதத் தலைப்பும் பெரும்பாலும் மறையாது. அதில் இரகசியம் எழுதற்க.

5. மறையாக்க வசதி இல்லாதாருக்கு ஆவணம் அனுப்ப நேர்ந்தால், அதனைக் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்பி, அச்சொல்லைத் தொலைபேசியில் கூறுக.

நம் நாட்டின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, சட்ட அதிகாரமின்றிப் பிறர் தகவலை இடைமறிப்பதைக் குற்றமாக்கியுள்ளது. எனினும் திருடனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது என்பதற்காக நாம் இரவில் கதவைத் தாழிடாமல் உறங்குவதில்லை. குடும்பச் செய்தி குடும்பத்தாரோடு நிற்க வேண்டும் என விரும்புவது குற்றமன்று. அது நம் உரிமை. பள்ளியில் கணினி பயிலும் பிள்ளைகளின் துணையோடு, இப்பூட்டைப் பூட்டக் கற்றுக்கொள்வோமாக!