ஆண்டனி யாரிடம் பேசுகிறான்? ‘ஜூலியஸ் சீசர்’ தேர்வுக்கான மீள்பார்வை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் பத்தாம் வகுப்பில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டுவரும் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைப் படிக்கும் மாணவர்கள், தேர்வு நெருங்கும்போது ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர்: இலக்கணம், சொல்வளம், அணி, நாடகம் ஆகிய நான்கில் எதை முதலில் படிப்பது? அவற்றை நான்கு பட்டியல்களாகப் பிரித்துக்கொண்டதே இக்குழப்பத்தின் வேர். யார், யாரிடம், எதைப் பெறுவதற்காகப் பேசுகிறார் என்று கேட்டால் நான்கும் ஒரே இடத்தில் கூடிவிடும். கதை அனைவரும் அறிந்ததே என்பதால், மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சீசரைக் கொன்ற புரூட்டஸ் ரோமானிய மக்களிடம் உரைநடையில் பேசி முடித்ததும், சீசரின் நண்பனான ஆண்டனி செய்யுளில் தொடங்குகிறான். அழுத்தமற்ற அசையும் அழுத்தமுள்ள அசையும் சேர்ந்த ஐந்து இணைகள் ஓரடியாகும் அந்த யாப்புக்கு அயாம்பிக் பென்டாமீட்டர் என்று பெயர். கொன்றவர்களைப் பழிக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டின்பேரிலேயே அவனுக்குப் பேச அனுமதி கிடைத்திருப்பதால், சீசர் அதிகார வேட்கை கொண்டவர் என்ற குற்றச்சாட்டை அவன் எடுத்த எடுப்பில் மறுக்காமல், அது உண்மையாயின் பெருங்குற்றமே என்று நிபந்தனை வாக்கியத்தில், அதாவது ஒன்று நிகழ்ந்தால்தான் மற்றொன்று பொருந்தும் என்னும் அமைப்பில், வைக்கிறான். ஏற்காமலும் மறுக்காமலும் ஐயத்தை மட்டும் விதைக்க இலக்கணமே அவனுக்கு இடம் தருகிறது. பயிற்சி ஏட்டில் வெற்றிடம் நிரப்பும் மாணவருக்கு இவ்வாற்றல் காட்டப்படாமல் போவது பெரும் இழப்பு.

சொல்வளமும் அவ்வாறே. இன்று பாராட்டாக வழங்கும் ‘அம்பிஷன்’ என்ற சொல் இவ்வுரையில் ஒருவரைக் கொல்வதற்கே காரணமாகக் காட்டப்படும் குற்றம். புரூட்டஸ் ஆளும் ‘சென்ஷர்’ என்ற சொல்லுக்கு இன்று கண்டனம் என்று பொருள். நாடகத்திலோ சீர்தூக்கித் தீர்ப்பளித்தல் என்றே பொருள். யார் யாரிடம் சொல்கிறார் என்பதை விட்டு அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார்.

சொல்லுக்கு நேரெதிரான பொருளைக் கேட்பவர் உணருமாறு பேசுவது முரண்நகை என்னும் அணி. கொன்றவர்களை மதிப்புக்குரியவர்கள் என்று ஆண்டனி அடுத்தடுத்துச் சொல்லும்போது சொல் மாறுவதில்லை. கூட்டத்தின் காது மாறுகிறது. தொடக்கத்தில் புரூட்டஸைப் போற்றிய மக்களே இறுதியில் கொன்றவர்களைத் துரோகிகள் என்கின்றனர். ஆகவே அணியின் பெயரை மட்டும் எழுதும் விடை பாதி விடையே; அது யாரிடம் என்ன விளைவித்தது என்பதே மறுபாதி.

இங்கே சற்று விலகிச் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1599-இல் இலண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி, கூரை வேய்ந்த அரங்கில் ஜூலியஸ் சீசர் பற்றிய நாடகத்தைக் கண்டதாகவும், அது முடிந்ததும் இருவர் ஆண் உடையிலும் இருவர் பெண் உடையிலும் நடனமாடியதாகவும் எழுதியுள்ளார். அச்சில் இந்நாடகம் 1623-இல்தான் வெளிவந்தது. மக்கள் அதை முதலில் காதால் கேட்டனர் என்பதை மாணவர் மறக்கலாகாது.

நேரம் குறைவாக இருப்பதால் செய்முறை சுருக்கமாகத் தரப்படுகிறது: ஆண்டனியின் உரையை வாய்விட்டு ஒருமுறை படித்து, நிபந்தனை வாக்கியங்களை அடிக்கோடிட்டு, பொருள் மாறிய சொற்களை ஓரத்தில் குறித்து, சீசரின் காயங்களைப் பேச இயலாத வாய்களாக்கும் உருவகம் போன்ற அணிகளை வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்துவரும் கூட்டத்தின் மறுமொழியை எழுதிக்கொள்ள வேண்டும், பின்னர் மூன்றாம் காட்சியில் சின்னா என்ற கவிஞன் கொன்றவர்களுள் ஒருவனுடன் உள்ள பெயர் ஒற்றுமையால் மட்டும் கும்பலிடம் சிக்குவதையும் அவ்வுரையின் விளைவாக இணைத்து எழுதிப் பார்க்க வேண்டும்.