ஓட்டையில்லாத தகரம் ஏன் சொட்டுகிறது?

மார்கழி, தை மாதங்களில் நம்ம பக்கம் அடிக்கடி கேட்கிற புகார் ஒன்று உண்டு. மழையே இல்லை, ஆனால் விடியற்காலையில் தகரக் கொட்டகைக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது, மேல் வரிசை மூட்டையெல்லாம் ஈரம். ஆணி அடித்த இடத்தில் ஓட்டை இருக்கும் என்று ஆளைக் கூப்பிட்டு ஏற்றுவார்கள். அவரும் ஏறிப் பார்த்துவிட்டு, "ஓட்டை ஒண்ணும் இல்லீங்க"ன்னு இறங்கி வந்து கூலியை வாங்கிக்கொண்டு போவார்.

ஓட்டை இல்லைதான். தகடு வேர்க்கிறது.

சேந்தமங்கலம், காரவள்ளி, பேளுக்குறிச்சி வட்டாரத்தில் கீற்றும் ஓடும் போய் எங்கும் தகரம் வந்துவிட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி மலைக்கு மேலேயும் அப்படித்தான். கீற்று வேய ஆள் இல்லை, எலித் தொல்லை, தீப் பயம் என்று காரணங்கள் நியாயமானவை. தகரத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதற்குக் கீழே விதையை வைக்கிறோமே, அதுதான் கவலை.

கொல்லிமலையின் சாமை, திணை, கேழ்வரகு ரகங்கள் இன்னும் உழவர் கையில் இருப்பதற்கு மலை மக்கள்தான் காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அவர்களோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகளை உருவாக்கியது. இத்தனை பாடுபட்டுக் காத்த விதை கொட்டகையில் வீணாகலாமா? விதையியலில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று உண்டு. விதையின் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வெப்பம் 5 டிகிரி கூடினாலும் அப்படியே. தகரக் கொட்டகை பங்குனியில் வெப்பத்தைத் தருகிறது, மார்கழியில் ஈரத்தைத் தருகிறது.

இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதலில் பனி எப்படி வருகிறது என்று பார்ப்போம். மேகமில்லாத இரவில் தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். அரை மில்லிமீட்டர் இரும்புக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் சக்தி கிடையாது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். கொட்டகைக்குள் 24 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், தகடு சுமார் 20 டிகிரிக்கு இறங்கியதும் அடிப்பக்கம் நீர் கோக்கும். மலை மேலே 18 டிகிரி, 90 சதவீதம் என்றால் இரண்டு டிகிரி கூட இறங்க வேண்டியதில்லை. என் கொட்டகை 30-க்கு 20 அடி. கூரைத் தகடு கிட்டத்தட்ட 60 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீர் கோத்தாலே ஆறு லிட்டர் ஆகிவிடும்.

அந்த நீர் காற்றிலிருந்து வருகிறது. காற்றுக்கு வெளியிலிருந்தும் வரும், மூட்டையிலிருந்தும் வரும். 14 சதவீத ஈரத்தோடு உள்ளே போகும் 100 கிலோ மூட்டை 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் இரண்டேகால் லிட்டர் நீரைக் கொட்டகைக் காற்றில் விடுகிறது. நாற்பது மூட்டைக்கு 90 லிட்டர்! ஐப்பசி மழை விட்டதும் அறுத்து, பாதி காய்ந்தும் காயாமலும் உள்ளே போடுகிறோம். சரியாக அப்போதுதான் பனியும் இறங்குகிறது.

இப்போது வெள்ளைப் பெயிண்டுக்கு வருவோம். நாமக்கல் கோழிப் பண்ணைகளைப் பார்த்து எல்லோரும் கூரைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வெயிலுக்கு அது நல்லதுதான். 60 டிகிரியைத் தாண்டக்கூடிய தகடு வெகுவாகக் குளிர்ந்துவிடும். (வெறும் சுண்ணாம்பு வேண்டாம். ஈரச் சுண்ணாம்பு துத்தநாகப் பூச்சை அரிக்கும், முதல் மழையிலேயே உரிந்தும் போகும். பிரைமர் அடித்து அதன்மேல் வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் அடிக்கலாம்.) ஆனால் பளபளப்பான புதுத் தகட்டைவிடப் பெயிண்ட் அடித்த தகடு இரவில் வெப்பத்தை வேகமாக வெளியே விடும். பகல் சூடு குறையும், விடியற்காலைச் சொட்டு கூடும். கோழிப் பண்ணை பக்கவாட்டில் திறந்து கிடப்பது, அங்கே இது பெரிய விஷயமில்லை. மூடிய விதைக் கொட்டகையில் பெரிய விஷயம். கோழிப் பண்ணையில் சித்திரையில் கூரைமேல் தண்ணீர் தெளிப்பதையும் நாம் காப்பியடிக்க வேண்டாம்.

இன்னொரு வழக்கம், தகரத்துக்கு அடியில் தென்னந்தட்டியோ சாக்கோ கட்டி உள்கூரை போடுவது. வெயிலுக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஈரக்காற்று தட்டியின் சந்து வழியாக மேலே போகும். தட்டி தடுப்பதால் தகரத்துக்கு உள் வெப்பம் எட்டாது, அது இன்னும் குளிர்ந்துவிடும். அங்கே நீர் கோத்து, தட்டிமேல் சொட்டி, தட்டி நனைந்து பூசணம் பிடிக்கும். கீழே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எங்கே மறைக்கிறோம் என்பதுதான் முக்கியம். தகரத்துக்கு மேலே மறைத்தால் இரண்டு தொல்லையும் ஒன்றாகக் குறையும். பகலில் வெயில் தகட்டைத் தொடாது, இரவில் தகடு வானத்தைப் பார்க்காது. மேலே மூங்கில் சட்டம் கட்டி, தகரத்திலிருந்து நாலு விரல் உயரம் விட்டு, தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ பரப்பினால் போதும். நேராகத் தகட்டின்மேல் போட்டால் ஈரம் தங்கித் துரு ஏறும். கொட்டகை சிறிதாக இருந்தால் மேலே பந்தல் போட்டு அவரையோ, மலையில் சௌசௌவோ ஏற்றலாம், காயும் கிடைக்கும்.

அடியில்தான் போட முடியும் என்றால், காற்றுக்கு இடமே இல்லாமல் தகட்டோடு ஒட்ட வேண்டும். நுண்ணறை மூடிய பாலித்தீன் நுரை விரிப்பை ஒட்டி, இணைப்புகளில் டேப் போடுவார்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனல் இன்னும் நல்லது, விலையும் அதற்கேற்றபடி. வெள்ளி நிறத் தாள் விற்பவர் வந்தால் ஒன்று கேளுங்கள்: பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்கிறதா? தகட்டோடு இறுக்கி ஒட்டினால் அந்தப் பளபளப்புக்கு வேலையே இல்லை.

வங்கியில் இருந்தபோது கிடங்குக் கடன் மதிப்பீடுகள் நிறையப் படித்திருக்கிறேன். 2001-ல் மத்திய அரசின் கிராமியக் கிடங்குத் திட்டம் வந்த பிறகு இன்னும் அதிகம். அஸ்திவாரம், தூண், தகட்டின் கனம் என்று எல்லாம் கணக்கில் இருக்கும், வேர்வைக்கு மட்டும் ஒரு வரி இருக்காது.

காசு செலவில்லாத வேலைகளும் உண்டு. தானியத்தைக் காய்ந்த உப்போடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், உள்ளே ஏற்றவே கூடாது. சன்னலைக் காலை வெயில் ஏறிய பிறகு திறந்து, சாயங்காலம் மூடிவிடுங்கள். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் வெளியிலுள்ள பனிக்காற்றுதான் உள்ளே வரும். மூட்டையை மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள்.

விதை ஐம்பது, நூறு கிலோதான் என்றால் கொட்டகைக்குச் செலவே செய்ய வேண்டாம். நன்றாகக் காயவைத்து ஆறவிட்டு, காற்றுப் புகாத டிரம்மில் நிறைய நிரப்பி மூடிவிடலாம். கொட்டகை சொட்டினாலும் உள்ளே ஈரம் ஏறாது. மலையில் மூங்கிலில் செய்து மண்ணும் சாணமும் பூசிய தொம்பை இன்னும் நல்ல நிலையில் இருந்தால் அதை இடிக்காதீர்கள். கனமான மண்சுவர் தகடு மாதிரி ஒரே இரவில் குளிர்ந்துவிடாது.

கீற்று வேய்வதற்கு முன்னால் ஒரு வேலை. கொட்டகைக்குத் தீக் காப்பீடு எடுத்திருந்தால் முகவரிடம் கேட்டுவிடுங்கள். கீற்றுக் கூரை என்றால் கச்சாக் கட்டடக் கணக்கில் போய், பிரீமியம் மாறலாம். சொல்லாமல் வேய்ந்தால் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும். மின் ஒயர் கூரையைத் தொட்டுப் போகாமல் தள்ளிக் கட்டுவதையும் அதே நாளில் முடித்துவிடலாம்.