மருந்தடிக்கும் குழுவிற்கும் ஒத்திகை வேண்டும்

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபால் நகரில் கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுவாயு, கார்பரில் என்னும் பூச்சிமருந்தைத் தயாரிப்பதற்காகத் தொட்டியில் வைக்கப்பட்டிருந்தது. வாயு கசிந்தால் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்பதைக்கூட ஆலையைச் சுற்றியிருந்த மக்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன் பிறகே 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-இல் அதன் கீழ் விதிகளும் வந்தன. ஆபத்தான வேதிப்பொருள்களைப் பெருமளவில் வைத்திருக்கும் ஆலைகள் விபத்துக் காலத் திட்டம் வகுத்து, தொழிலாளரைக் கொண்டு ஒத்திகை நடத்த வேண்டும் என்பது அவ்விதி.

ஆனால், இந்த ஏற்பாடெல்லாம் ஆலையின் வாசலோடு நின்றுவிடுகிறது. அதே மருந்து டப்பாவை ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளி வயலிலோ, நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டத்திலோ திறக்கும்போது ஒத்திகை பார்த்த ஆள் ஒருவரும் அருகில் இருப்பதில்லை. 2017-இல் மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் இறந்தனர். பல நூறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே, பாதுகாப்பு உடையின்றிப் பல மருந்துகளைக் கலந்து அடித்திருந்தனர்.

நம் பகுதியில் மருந்தடிக்க மூன்று நான்கு பேர் சேர்ந்து போவது வழக்கம். ஒருவர் கலக்குவார், ஒருவர் தெளிப்பார், ஒருவர் தண்ணீர் சுமப்பார். இவர்களோடு மருந்தைத் தொடாத ஆள் ஒருவரும் இருக்க வேண்டும். அவர் காற்று வரும் பக்கம் வரப்பில் நின்று தெளிப்பவரைக் கவனிப்பார். கைப்பேசியும், சோப்பும், இரண்டு குடம் நல்ல தண்ணீரும், மாற்று வேட்டி சட்டையும், ஒரு சோடி ரப்பர் கையுறையும் அவர் பொறுப்பு. ஒரு கூலி வீண் என்று நினைக்க வேண்டாம். வீட்டுப் பெரியவர் ஒருவரே இதைச் செய்யலாம்.

அடையாளம் காணுதல்

புரபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் பொருள், வேலை முடிந்ததும் ஒரு நொதியால் அழிக்கப்பட வேண்டும். இம்மருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால் கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எச்சில் வழிகிறது, வியர்வை கொட்டுகிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன, தசை துடிக்கிறது, நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறுகிறது.

வெயிலில் மயக்கம் வந்தாலும் வியர்க்கும், வாந்தியும் வரும். 'வெயில் தாக்கிவிட்டது' என்று மோரைக் கொடுத்துப் படுக்க வைத்து, நேரத்தை இழப்பவர்கள் உண்டு. கண்ணைப் பாருங்கள். கண்பாவை குண்டூசி முனை போல் சுருங்கியிருந்தால் அது மருந்தின் வேலை. சுருங்காவிட்டாலும், மருந்தடித்தவர் என்றால் விஷம் என்றே கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். சிலருக்கு வீடு திரும்பிய பின், இரவில்தான் குறி தோன்றும். ஆகவே வீட்டாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

உடனே செய்ய வேண்டியது

வரப்பில் நிற்பவர் முதலில் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும். வெறுங்கையால் தூக்கினால் அடுத்து விழுபவர் அவராகவே இருக்கலாம். விழுந்தவரை மருந்து படாத இடத்திற்குக் கொண்டுவந்து, உடைகளைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு தலைமுடி, நகக்கண் உட்பட 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தாலும் 15 நிமிடம் நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். இதற்குள் இன்னொருவர் 108-க்குப் பேசிவிட வேண்டும். வண்டி வந்துவிட்டால் கழுவி முடிக்கவில்லையே என்று காக்க வைக்கக்கூடாது. மயக்கமானவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

சாணிக்கரைசல், புளிக்கரைசல், உப்புநீர், பால் எதையும் வாயில் ஊற்றக்கூடாது. கிராமக் கூட்டங்களில் நான் முதலுதவி பற்றிக் கேட்கும்போது முதலில் வரும் பதில் சாணிக்கரைசல்தான். அது மூச்சுக்குழலில் இறங்கினால் விஷத்திற்கு முன்னே அதுவே உயிரை வாங்கிவிடும்.

மருந்துச் சீட்டையோ, மூடிய டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டியோ நோயாளியுடன் அனுப்ப வேண்டும். பாஸ்பரஸ் வகைக்கு அட்ரோபின் ஊசி உண்டு. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. எது என்று தெரியாமல் மருத்துவர் என்ன செய்வார்? தேறிவிட்டார் என்று மறுநாளே அழைத்து வந்துவிடவும் கூடாது. முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரெனத் தளர்வதுண்டு.

மருந்து தரையில் கொட்டினால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். அது கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். காய்ந்த மண்ணையோ மரத்தூளையோ போட்டு ஊறவிட்டு அள்ளி, கிணறும் வாய்க்காலும் இல்லாத இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது அரிசிப் பையோடு மருந்தை வைக்காதீர்கள். 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் மருந்து கோதுமை மாவில் கலந்து 100 பேருக்கு மேல் இறந்தனர். மாவும் மருந்தும் ஒரே கப்பலில் வந்திருந்தன. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறக்க அந்த விபத்தே காரணம்.

ஒத்திகை

பருவத்தின் முதல் தெளிப்புக்கு முன் ஒரு மாலை ஒரு மணி நேரம் போதும். கழுவிய தெளிப்பானில் தண்ணீரும் சொட்டு நீலமும் ஊற்றி, வெள்ளை பனியன் அணிந்தவரை நான்கு சால் தெளிக்கச் சொல்லுங்கள். நீலம் முதுகிலும் தொடையிலும் விரலிடுக்கிலும் இருப்பதை அவரே பார்ப்பார். நூறு முறை சொல்வதைவிட அது உறைக்கும். பிறகு ஒருவர் விழுந்ததாக வைத்து, கையுறை மாட்டுவது முதல் சீட்டை எடுப்பது வரை ஒருமுறை செய்து பாருங்கள். 108 வண்டி வயல் வரை வராது என்றால், எங்கே வந்து நிற்கச் சொல்வது என்பதையும் அன்றே பேசி முடிவு செய்யுங்கள். சர்வே எண் ஓட்டுநருக்குத் தெரியாது. மேல்நிலைத் தொட்டி, பால் சொசைட்டி, அய்யனார் கோயில் என்று அடையாளம் சொல்ல வேண்டும்.