தெற்றுப்பல்லும் கம்பியும்

தெற்றுப்பல் அதிர்ஷ்டம் என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவதுண்டு. ஆயின், நெருங்கி நிற்கும் பற்களிடையே உணவு தங்கிச் சொத்தை உண்டாவதை அந்த அதிர்ஷ்டம் தடுப்பதில்லை.

மாணவர்களே, எலும்பில் பதிந்த பல் மெல்லிய கம்பியால் எங்ஙனம் நகர்கிறது? வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே நார்த்திசு உண்டு. கம்பி இடைவிடாது மெல்ல அழுத்த, அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நகரும். வலிந்து இழுத்தால் வேரே கேடுறும். ஆகவேதான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

"விழப்போகும் பால்பல்தானே" என்று பெற்றோர் சொத்தையைக் கவனியாது விடுவர். கடைவாய்ப் பால்பல்லைக் காலத்திற்கு முன் பிடுங்க நேர்ந்தால், 6 வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னர் முளைக்கும் பல்லுக்கு இடம் ஏது?

தேசியப் பல் மருத்துவ நிலையம் 1997இல் ஊட்ரமில் திறக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலில் நான்காம் நிலையம். கம்பி கட்டியோர் 4 முதல் 6 வாரத்திற்கு ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டும். முறுக்கும் கடலை மிட்டாயும் அதுவரை வேண்டா. பல்லில் ஒட்டிய வில்லை பெயர்ந்துவிடும். பணமுடை வந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், மருத்துவரிடமே கூறுங்கள். கவனிப்பாரற்ற கம்பி, கட்டாத பல்லினும் தீங்கு.

கம்பியைக் கழற்றியபின் பல் பழைய இடத்திற்கே திரும்ப முயலும். அதனைத் தடுக்கவே கழற்றி மாட்டும் தாங்கி தருகிறார்கள். உணவின்போது அதைத் தாளில் சுற்றித் தேக்கா சந்தை மேசையில் மறந்து வருவோர் உண்டு. துப்புரவாளர் குப்பையென்றே எடுத்துச் செல்வார்.